பி.ஏ. ஆங்கிலம்: பட்டத்துக்குள் என்ன இருக்கிறது, வேலைக்கு அதோடு எதைச் சேர்க்க வேண்டும்

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அதிகம் பேர் கேட்கும் பாடங்களில் ஒன்று பி.ஏ. ஆங்கிலம். அதைப் பற்றி வீடுகளில் இரண்டு கருத்துகள் உலவுகின்றன. "இங்கிலீஷ் எடுத்தால் நன்றாகப் பேச வந்துவிடும், எங்கே போனாலும் வேலை" என்பது ஒன்று. "டீச்சர் வேலையைத் தவிர வேறு ஒன்றும் கிடைக்காது" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பிச் சேர்பவர்கள் மூன்றாண்டு கழித்து ஏமாறுகிறார்கள். இந்தப் பட்டம் பல வேலைகளுக்கு அடிப்படைத் தகுதி. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரே நுழையக்கூடிய வேலைகள் மிகக் குறைவு. ஒவ்வொரு வேலைக்கும் அதனோடு சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. அதை எப்போது சேர்ப்பது, சேர்க்கும்போது எந்த விதி குறுக்கே வரும் என்பது சேரும் நாளில் பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம்.

இது என்ன பட்டம்?

பி.ஏ. ஆங்கிலம் ஓர் இலக்கியப் பட்டம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துவது அதன் நோக்கம் அல்ல. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். பாடங்கள் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

1. பகுதி ஒன்று: தமிழ், அல்லது அதற்குப் பதிலாக இந்தி, பிரெஞ்சு போன்ற வேறு மொழி.
2. பகுதி இரண்டு: எல்லாத் துறை மாணவர்களும் படிக்கும் பொது ஆங்கிலம்.
3. பகுதி மூன்று: முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும். பட்டத்தின் உடல் இதுதான்.
4. பகுதி நான்கு: திறன் சார்ந்த தாள்கள், சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி போன்றவை.
5. பகுதி ஐந்து: என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிகள்.

பகுதி மூன்றில் பிரிட்டிஷ் இலக்கியம் காலவாரியாக வரும். சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், ரொமான்டிக் கவிஞர்கள், விக்டோரியா காலம், இருபதாம் நூற்றாண்டு என்று நகரும். இந்திய ஆங்கில எழுத்து, அமெரிக்க இலக்கியம், காமன்வெல்த் நாடுகளின் இலக்கியம், பெண்களின் எழுத்து ஆகியவற்றுக்குத் தனித் தாள்கள் இருக்கும். இங்கிலாந்தின் சமூக வரலாறும் இலக்கிய வடிவங்களும் பெரும்பாலும் துணைப் பாடங்கள். மொழி என்ற அளவில் நேரடியாகக் கற்பிக்கப்படுவது மொழியியலும் ஒலியியலும்தான், அதுவும் ஓரிரு தாள்கள். கல்லூரியைப் பொறுத்து இதழியல், மொழிபெயர்ப்பு, ஆங்கிலம் கற்பித்தல் ஆகியவை விருப்பத் தாள்களாக வரும்.

ஆக, பேச்சு ஆங்கிலத்துக்கென்று மட்டும் சேர்பவருக்கு அதற்கான பாட நேரம் இதில் குறைவு. வேலைக்குப் பயன்படும் எழுத்துப் பயிற்சி வேண்டுபவருக்கோ இந்தப் பட்டம் நிறையத் தரும், ஒரு நிபந்தனையோடு. நாவலையும் நாடகத்தையும் அவரே படித்து, விடையை அவரே எழுத வேண்டும்.

அந்த நிபந்தனை பல இடங்களில் உடைகிறது. கடையில் விற்கும் கைடில் ஐந்து மதிப்பெண் விடையும் பத்து மதிப்பெண் விடையும் தயாராக இருக்கின்றன. கேள்விகளும் ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வருகின்றன. கைடை மனப்பாடம் செய்தே ஆறு செமஸ்டரையும் கடந்துவிடலாம், முதல் வகுப்பும் வாங்கலாம். விளைவு வேலைத் தேர்வில் தெரியும். "இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள்" என்று இருபது நிமிடம் கொடுத்தால், பட்டம் பெற்றவரால் நூறு சொல்லைப் பிழையில்லாமல் எழுத முடிவதில்லை. இந்தப் படிப்புக்கு இருக்கும் கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் இதுதான். பாடத்திட்டத்தைக் குறை சொல்வதைவிட, கைடு இல்லாமல் எழுதும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்குவது மாணவரின் கையில் இருக்கும் காரியம்.

சேரும்போதே முடிவாகிவிடும் மூன்று விஷயங்கள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பி.ஏ. ஆங்கிலத்துக்கான தரவரிசை பிளஸ் டூ ஆங்கிலத் தாளின் மதிப்பெண்ணை வைத்துத் தயாராகிறது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் ஆங்கிலத்தில் 95 வாங்கியவர், மொத்தத்தில் முந்தி ஆங்கிலத்தில் 80 வாங்கியவருக்கு முன்னால் நிற்பார். உதவி பெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும் வேறு கணக்கு வைத்திருக்கலாம். இடம் கிடைத்த பிறகு கவனிக்க வேண்டியவை:

1. பட்டத்தின் பெயர். பி.ஏ. ஆங்கிலம், ஆங்கில இலக்கியம், கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ், ஃபங்ஷனல் இங்கிலீஷ், கணினிப் பயன்பாட்டுடன் ஆங்கிலம் என்று பல பெயர்களில் பட்டம் தருகிறார்கள். அரசு ஆசிரியர் பணிக்கு அறிவிப்பில் சொன்ன பட்டம் வேண்டும், அல்லது அதற்கு இணை என்று அரசாணை வெளியாகியிருக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. பெயர் சற்று வேறாக இருந்தால், சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் இணைத்தன்மை அரசாணையின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

2. பகுதி ஒன்றில் எந்த மொழி. மதிப்பெண் எளிதாக வரும் என்று பிரெஞ்சோ இந்தியோ எடுப்பவர்கள் உண்டு. தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் இப்போது தமிழ் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கும். ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழே எடுக்காதவருக்கு அது எளிதான தாள் அல்ல.

3. தமிழ்வழி இடஒதுக்கீடு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, முதல் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் ஆங்கிலவழிப் பட்டம். பத்தாம் வகுப்பு தகுதியாக உள்ள குரூப் 4 பணிக்கு இந்தச் சலுகை தொடரும். பட்டப்படிப்பு தகுதியாக உள்ள குரூப் 2 போன்ற பணிகளில் கிடைக்காது. அரசுப் பணியே குறி என்று வைத்திருக்கும் தமிழ்வழி மாணவர் இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

பள்ளி ஆசிரியர்: அதிகம் பேர் போகும் வழி

பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க இரண்டு நிலைகள் உண்டு. 6 முதல் 10 வரை பட்டதாரி ஆசிரியர். 11, 12 வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர். இரண்டுக்கும் பி.எட். வேண்டும். 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளியில் நேரடிப் பயிற்சி. தமிழ்நாட்டில் பி.எட். சேரப் பட்டப்படிப்பில் பொதுப்பிரிவினர் 50, பிற்படுத்தப்பட்டோர் 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 43, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் 40 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும்.

பட்டதாரி ஆசிரியருக்கு அடுத்த படி ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்வி, 150 மதிப்பெண். அவை இப்படிப் பிரிகின்றன:

1. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும்: 30
2. தமிழ் அல்லது வேறு தாய்மொழி: 30
3. ஆங்கிலம்: 30
4. கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல்: 60

நான்காவது பிரிவைப் பாருங்கள். ஆங்கிலப் பட்டதாரிக்கு அவருடைய பாடத்திலிருந்து வருவது 30 மதிப்பெண்தான். கணித அறிவியலோ சமூக அறிவியலோ 60-க்கு எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலானோர் சமூக அறிவியலை எடுக்கிறார்கள். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று பள்ளிப் புத்தகங்களைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. பொதுப்பிரிவில் தேர்ச்சிக்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு, அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 28-ம் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் 22-ம் எடுத்த ஒருவர், தமிழில் 20 எடுத்தாலும் 70-ல்தான் நிற்பார். 90-ஐ எட்ட சமூக அறிவியலில் 20 வேண்டும். தொடாமல் விட்ட பாடத்தில் ஊகித்து எழுதி அந்த 20-ஐ எடுப்பது கடினம். நல்ல ஆங்கில மாணவர்கள் டெட்டில் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பி.எட். முதல் ஆண்டிலேயே 6 முதல் 10 வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களை எடுத்து வைத்துப் படிப்பதே இதற்கு வழி.

டெட் தேர்ச்சி வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஆனால் டெட் தேர்ச்சி பெற்றால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டில் 2018 அரசாணைக்குப் பிறகு, டெட் முடித்தவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். அங்கே 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ் தகுதித் தாள், 150-க்கு ஆங்கிலப் பாடத் தாள். டெட் தகுதியைப் பார்க்கிறது, போட்டித் தேர்வு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த வேறுபாடு புரியாமல், டெட் முடித்துவிட்டு வீட்டில் உத்தரவுக்குக் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களையும் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு தொட்டது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்களும் டெட் தேர்ச்சி பெற வேண்டும் என்று அது சொன்னது. தனியார் பள்ளிகளும் இப்போது நேர்காணலில் டெட் சான்றிதழைக் கேட்பதற்கு இது கூடுதல் காரணம்.

முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் தேவையில்லை. எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் இருந்தால் போட்டித் தேர்வுக்குப் போகலாம். பாடத் தாளில் 150 கேள்வி: ஆங்கிலம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10. ஆங்கிலத்தை உண்மையாகவே படித்தவருக்கு டெட்டைவிட இந்தத் தேர்வு சாதகமானது. ஆனால் இங்கே ஒரு விதி பலரை வெளியே நிறுத்துகிறது. இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர் இந்தப் பணிக்குத் தகுதி பெற மாட்டார்.

தொடக்க அடிப்படை ஊதியம் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். அகவிலைப்படியும் மற்ற படிகளும் தனி. தனியார் பள்ளிகளில் ஊதியம் பள்ளிக்குப் பள்ளி வெகுவாக மாறும். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டு டெட்டுக்குப் பதிலாக சி.பி.எஸ்.இ. நடத்தும் சி-டெட் வேண்டும். பி.ஏ.வில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், 50 விழுக்காடும் வேண்டும்.

கல்லூரி ஆசிரியர்: நீண்ட வழி

உதவிப் பேராசிரியர் ஆக எம்.ஏ.வில் 55 விழுக்காடு வேண்டும். அதோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ பிஎச்.டி.யோ வேண்டும். எம்.ஃபில். என்ற படி இப்போது இல்லை. 2022-ல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் அதை நிறுத்திவிட்டன. "எம்.ஃபில். சேர்ந்துவிட்டால் லெக்சரர் ஆகலாம்" என்ற பழைய ஆலோசனையை இன்றும் கேட்க முடிகிறது. அதை நம்பிப் பணமும் ஆண்டும் செலவழிக்க வேண்டாம்.

நெட் ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. மூன்று மணி நேரம், இரண்டு தாள். எல்லோருக்கும் பொதுவான முதல் தாளில் 50 கேள்வி, ஆங்கிலத் தாளில் 100 கேள்வி. கேள்விக்கு 2 மதிப்பெண், மொத்தம் 300. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ஆங்கிலத் தாளின் பாடத்திட்டம் பத்து அலகு: நாடகம், கவிதை, புனைவு, புனைவு அல்லாத உரைநடை, மொழியின் அடிப்படைகளும் கற்பித்தலும், இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, இலக்கியத் திறனாய்வு, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடுகள், ஆய்வு முறைகள்.

கேள்வி வடிவம் கதைச் சுருக்கம் படித்தவருக்குக் கைகொடுக்காது. நான்கு நூல்களைக் கொடுத்து வெளியான கால வரிசையில் அடுக்கச் சொல்வார்கள். நான்கு கோட்பாட்டாளர்களையும் நான்கு கலைச்சொற்களையும் பொருத்தச் சொல்வார்கள். ஒரு கூற்றையும் அதன் காரணத்தையும் கொடுத்து இரண்டும் சரியா என்று கேட்பார்கள். பி.ஏ. முதலாண்டிலிருந்தே ஒரு நோட்டில் ஆசிரியர், நூல், ஆண்டு, வடிவம் என்று நான்கு பத்தி போட்டு எழுதி வந்தவருக்கு எம்.ஏ. முடிக்கும்போது பாதி தயாரிப்பு முடிந்திருக்கும்.

நெட்டில் மேல் வரிசையில் வருபவருக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு உண்டு, பொதுப்பிரிவுக்கு 30. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. செட் தேர்ச்சி அந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும்.

அரசுக் கல்லூரியில் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் பணியிட அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. முதலில் சொன்ன தேதியில் தேர்வு நடக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் பலர் கௌரவ விரிவுரையாளர்களாகவும் சுயநிதிக் கல்லூரிகளில் குறைந்த சம்பளத்திலும் ஆண்டுக்கணக்கில் பணிபுரிகிறார்கள். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு. ஆகவே இந்த வழியை எடுப்பவர், வீட்டுக்கு உடனே சம்பளம் தேவையா என்பதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

எம்.ஏ. எங்கே படிக்கிறோம் என்பதும் இங்கே பேசும். ஐதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்றே இயங்குவது. 1958-ல் ஆங்கில மத்திய நிறுவனமாகத் தொடங்கி 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமானது. திருவாரூரில் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நுழைவுத் தேர்வு மூலம் எம்.ஏ. ஆங்கிலம் சேரலாம்.

பதிப்புத் துறை: சென்னைக்கும் புதுச்சேரிக்கும் உரிய வாய்ப்பு

இந்த வேலையைப் பற்றி ஆங்கில மாணவர்களுக்கே போதிய தகவல் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் அறிவியல் இதழ்கள், பாடநூல்கள் பலவற்றின் பிழை திருத்தமும் பக்க வடிவமைப்பும் சென்னை, புதுச்சேரி நிறுவனங்களில் நடக்கின்றன. புதுச்சேரியில் இன்டெக்ரா, சென்னையில் டி.என்.க்யூ., நியூஜென் போன்றவை இத்தொழிலில் பெயர் பெற்றவை. பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் காப்பி எடிட்டராகவும் புரூஃப் ரீடராகவும் இங்கே நுழைகிறார்கள்.

காப்பி எடிட்டர் என்ன செய்கிறார்? ஒரு மருத்துவக் கட்டுரை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. சுருக்கப் பகுதியில் நோயாளிகள் 42 பேர் என்று இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் 24-ம் 16-ம் சேர்ந்து 40 வருகிறது. எடிட்டர் எதையும் தானாக மாற்றக்கூடாது. பக்க ஓரத்தில் ஆசிரியருக்குக் கேள்வி எழுத வேண்டும், அதுவும் ஒரே வரியில், எந்த எண் சரி என்று மட்டும் பதில் வருகிற மாதிரி.
2. உரைக்குள் ஒரு மேற்கோளுக்கு 2016 என்று இருக்கிறது, பின்னால் உள்ள பட்டியலில் அதே கட்டுரைக்கு 2017. இதுவும் கேள்வி.
3. மேற்கோள் பட்டியலில் ஒரு கட்டுரைக்கு எட்டு ஆசிரியர்கள். இதழ் ஏ.எம்.ஏ. (அமெரிக்க மருத்துவச் சங்கம்) வகுத்த எழுத்து நடையைப் பின்பற்றினால் முதல் மூவர் பெயரோடு நிறுத்தி "மற்றும் பிறர்" போட வேண்டும், ஏனென்றால் அந்த நடையில் ஆறு பேர் வரைதான் முழுப் பட்டியல். ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பு என்றால் இருபது பேர் வரை முழுதாக எழுத வேண்டும்.
4. ஒரு சொல்லுக்குக் கட்டுரையின் ஓரிடத்தில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலும் இன்னோரிடத்தில் அமெரிக்க எழுத்துக்கூட்டலும் இருக்கின்றன. இதழ் எதைச் சொல்கிறதோ அதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.
5. வாக்கியத்தில் எழுவாய் ஒருமை, வினை பன்மை. இதைக் கேட்காமலே திருத்தலாம்.

எதைத் திருத்துவது, எதைக் கேட்பது என்ற இந்த நிதானம்தான் வேலை. புதிதாகச் சேர்பவர்கள் செய்யும் பெரிய தவறு, அழகாக இருக்கும் என்று ஆசிரியரின் வாக்கியத்தை மாற்றி எழுதுவது. அறிவியல் கட்டுரையில் "காட்டுகிறது" என்பதை "நிரூபிக்கிறது" என்று மாற்றினால் கட்டுரையின் முடிவே மாறிவிடும்.

நுழைவுக்குப் பெரும்பாலும் ஒரு பிழை திருத்தத் தேர்வு வைப்பார்கள். தயாராக வேண்டியவை: சிகாகோ, ஏ.பி.ஏ., ஏ.எம்.ஏ. ஆகிய நடைக் கையேடுகளில் ஏதாவது ஒன்றின் மேற்கோள் விதிகள், வேர்டில் திருத்தங்களைப் பதிவுசெய்து காட்டும் டிராக் சேஞ்சஸ் வசதி, நிறுத்தற்குறிகள். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) நடையில் மேற்கோள் பட்டியல் தயாரிப்பதை நண்பரிடம் கொடுத்து முடித்துக்கொள்ளாமல் தானே செய்தவருக்கு இந்த வேலையின் அடிப்படை ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேலை இலக்கு சார்ந்தது, தொடக்கச் சம்பளம் அதிகம் இருக்காது. மூன்று நான்கு ஆண்டில் திட்ட மேலாளராகி வெளிநாட்டுப் பதிப்பகத்தோடு நேரடியாகப் பேசும் நிலைக்கு வருபவர்கள்தான் நல்ல வருமானத்துக்குப் போகிறார்கள்.

மென்பொருள் நிறுவனங்களில் எழுத்து வேலை

டெக்னிக்கல் ரைட்டர் என்பவர் மென்பொருளையோ கருவியையோ பயன்படுத்துபவருக்கு வழிகாட்டி எழுதுபவர். ஆங்கிலப் பட்டதாரிக்குத் தடையாக இருப்பது தொழில்நுட்ப பயமும் இலக்கிய நடையும். விதிகள் எளிமையானவை. ஒரு படிக்கு ஒரு செயல். கட்டளை வினையில் தொடங்கு. நிபந்தனை இருந்தால் அதை முதலில் சொல், செயலை அடுத்துச் சொல். "அழிக்க வேண்டுமென்றால் இந்தப் பட்டனை அழுத்து" என்று எழுத வேண்டும். "இந்தப் பட்டனை அழுத்து" என்று முதலில் எழுதிவிட்டு "அழிப்பதாக இருந்தால்" என்று பின்னால் சேர்த்தால், படிப்பவர் பாதியிலேயே அழுத்தியிருப்பார்.

கற்க வேண்டியவை: எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன், கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளின் அடிப்படை, ஆவணத்தைப் பகுதி பகுதியாக எழுதும் எக்ஸ்.எம்.எல். சார்ந்த டிட்டா முறை. டிட்டாவில் ஒவ்வொரு பகுதியும் பெரும்பாலும் கருத்து, செயல்முறை, குறிப்பு என்று மூன்று வகைகளில் ஒன்றாக எழுதப்படும். கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் நடைக் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. நேர்காணலில் பட்டத்தைவிட எழுதிய மாதிரிகளைத்தான் கேட்பார்கள். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றின் வழிகாட்டியில் உள்ள குறையைத் திருத்தி அனுப்பி, அது ஏற்கப்பட்டிருந்தால் அதைவிட நல்ல மாதிரி கிடையாது.

இதற்கு நெருங்கிய உறவு இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன். நிறுவனப் பயிற்சிப் பாடங்களுக்கு, எந்தத் திரையில் என்ன வரும் என்று திரைவாரியாக ஸ்டோரிபோர்டு எழுதும் வேலை. பி.எட். முடித்து, பள்ளி வேலை ஒத்துவராதவர்களுக்கு இது பொருந்தும். பாட நோக்கம் எழுதுவதும் மதிப்பீட்டுக் கேள்வி தயாரிப்பதும் அவர்கள் ஏற்கெனவே செய்தவைதான்.

மற்ற வழிகள், சுருக்கமாக

இதழியலுக்குத் தனிப் பட்டயம் உதவும். சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் முதுநிலைப் பட்டயம் தருகிறது. மொழிபெயர்ப்பில், தமிழும் ஆங்கிலமும் சம வலுவோடு உள்ளவர்களுக்குப் பஞ்சம் இருக்கிறது. பகுதி ஒன்றில் தமிழை ஒழுங்காகப் படித்த ஆங்கில மாணவருக்கு இது இயல்பான இடம். மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும்.

வங்கி, எஸ்.எஸ்.சி. தேர்வுகளுக்கும் எந்தப் பட்டமும் போதும். அங்கே ஆங்கிலப் பகுதி கைகொடுக்கும், கணக்குப் பகுதிதான் காலை வாரும். குடிமைப் பணித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். தாளுக்கு 250 வீதம் இரண்டு தாள். எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 இதிலிருந்து வரும்.

வெளிநாட்டிலும் பெரியவர்களுக்கும் ஆங்கிலம் கற்பிக்க விரும்புவோருக்குக் கேம்பிரிட்ஜின் செல்டா பயிற்சி உதவும். 120 மணி நேரப் படிப்பு, அதில் மதிப்பிடப்படும் கற்பித்தல் 6 மணி நேரம். வளைகுடா நாடுகளின் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பி.எட்.டையும் அனுபவத்தையும் பார்க்கின்றன.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பொருள் விவரணையும் பொதுவான வலைக் கட்டுரையும் எழுதிக்கொடுத்த வேலை சுருங்கிவிட்டது. அதை நம்பி இன்று பி.ஏ. ஆங்கிலம் சேர வேண்டாம். மேலோட்டமான இலக்கணத் திருத்தத்தையும் மென்பொருளே செய்கிறது. மென்பொருள் எழுதியது உண்மையா, மேற்கோள் காட்டிய கட்டுரை நிஜமாகவே இருக்கிறதா, அட்டவணையும் உரையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பொறுப்பேற்கும் ஆள் இன்னும் தேவைப்படுகிறார். நெருக்கமாக வாசிக்கும் பயிற்சி இந்தப் பட்டத்தின் நடுவில் இருப்பதால், அதை ஒழுங்காகச் செய்தவருக்கு இடம் இருக்கிறது. கைடு மனப்பாடம் செய்தவர் போட்டியிடுவது நேராக இயந்திரத்தோடு, அதில் அவர் வெல்ல வழியில்லை.

எந்த செமஸ்டரில் எதைச் செய்வது

1. முதல், இரண்டாம் செமஸ்டர்: பாடத்தில் உள்ள ஒரு நாடகத்தையும் ஒரு நாவலையும் குறிப்பு பார்க்காமல் முழுதாகப் படிப்பது. வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குவது. ஆங்கிலத்தின் 44 ஒலிகளையும் குறியீட்டோடு கற்பது. உச்சரிப்புக்கு இதைவிட மலிவான பயிற்சி இல்லை.
2. மூன்றாம், நான்காம் செமஸ்டர்: ஒரு நடைக் கையேடு, தட்டச்சு வேகம், கோடை விடுமுறையில் ஒரு பதிப்பு நிறுவனத்திலோ நாளிதழிலோ பயிற்சி.
3. ஐந்தாம் செமஸ்டர்: பி.எட்., எம்.ஏ., வேலை மூன்றில் எது என்று முடிவெடுப்பது. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கு டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே விண்ணப்பம் திறக்கிறது, மார்ச்சில் தேர்வு நடக்கிறது. கடைசி செமஸ்டர் முடித்துவிட்டு மே மாதத்தில் விசாரிப்பவருக்கு அந்த ஆண்டு போய்விடும்.
4. ஆறாம் செமஸ்டர்: அரியர் தாள் எதுவும் மிச்சம் இல்லாமல் பார்த்துக்கொள்வது. பகுதி நான்கில் ஒரு சிறு தாள் நின்றாலும் பட்டம் வராது, பட்டம் வராமல் பி.எட். சேர்க்கை உறுதியாகாது. தற்காலிகப் பட்டச் சான்றிதழும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்ததும், பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, தவறு இருந்தால் கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.